விட்டுப்போன அத்திப்பழம்

நோய் தீர்ந்த கதையைச் சபையில் முதல் தடவை சாட்சியாகச் சொன்னபோது நான் கைக்குட்டையில் ஒரு துளி ரத்தம்தான் துப்பியிருந்தேன். மூன்றாம் தடவை சொன்னபோது அது ஒரு டம்ளர் ஆனது. போன மாசம் வத்தலக்குண்டு உபவாசக் கூட்டத்தில் ஒரு குண்டான் நிறையத் துப்பிவிட்டேன். அவ்வளவு ரத்தம் போன பொம்பளை எப்படி மைக்கைப் பிடித்து நிற்கிறாள் என்று ஒருவரும் கேட்கவில்லை. அல்லேலூயா சொல்லிக் கைதட்டினார்கள்.

என் பெயர் சலேத்மேரி. திண்டுக்கல்லில் பேகம்பூர் பக்கம் தையல் கடை வைத்திருக்கிறேன். நாலு வருஷத்துக்கு முன்னால் எனக்கு டி.பி. வந்தது. சொந்தக்காரர்கள் வாசலோடு நின்று நலம் விசாரித்துவிட்டுப் போனார்கள். பாஸ்டர் ரொனால்டு மட்டும்தான் உள்ளே வந்து, நான் இருமும்போது முகத்தைத் திருப்பிக்கொள்ளாமல் உட்கார்ந்து, தினமும் ஜெபம் செய்தார். அந்த ஒன்றுக்காகவே அவருடைய சபையில் சேர்ந்தேன். குணமும் ஆனேன். இதுவரை எல்லாமே உண்மை.

உண்மையில் மிச்சமும் உண்டு. ஆறு மாசம் தினமும் காலையில் மாத்திரை சாப்பிட்டேன். அதைக் கொண்டுவந்து கொடுத்தவள் நஸீரா. ஆஸ்பத்திரியில் டி.பி. பிரிவில் வேலை பார்க்கிறவள், எங்கள் பக்கத்துத் தெருதான். நான் மாத்திரையை விழுங்கி, வாயைத் திறந்து, நாக்கைத் தூக்கிக் காட்டுகிறவரை இடத்தை விட்டு நகர மாட்டாள். ஒரு நாள் சிறுநீர் செக்கச்செவேலென்று போனதைப் பார்த்து, செத்தேன் என்று அலறினேன். "மாத்திரை நிறம்தான்க்கா அது. பயப்படாதீங்க" என்று சிரித்தாள். நான் வாந்தி எடுத்த நாட்களில் கஞ்சி வைத்துக் கொடுத்ததும் அவள்தான்.

முதல் சாட்சியில் நஸீராவைப் பற்றிச் சொன்னேன். கூட்டம் முடிந்ததும் பாஸ்டர் தன்மையாகச் சொன்னார்: "சிஸ்டர், மாத்திரைக் கதையக் கொஞ்சம் சுருக்கிக்கங்க. கர்த்தரோட மகிமை மறைஞ்சிரக் கூடாது." சுருக்கினேன். சுருக்கச் சுருக்க நஸீரா காணாமலே போனாள். இதில் பாஸ்டரைக் குறை சொல்லி என்ன ஆகப் போகிறது? சுருக்கச் சொன்னது அவர், அடியோடு வெட்டி எறிந்தது நான். எனக்குத் தொழிலே கத்தரிக்கோல்தானே. அதோடு, முன்வரிசை நாற்காலியும், பழனி வரைக்கும் வந்த அழைப்புகளும், போனில் சுற்றிய வீடியோவும் எனக்குப் பிடித்திருந்தன. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், ரொம்பவே பிடித்திருந்தன.

ஒரு புதன்கிழமை நஸீரா கடைக்கு வந்தாள். ஜாக்கெட் துணி எதுவும் கொண்டுவரவில்லை.

"சண்முகவள்ளின்னு ஒரு பொம்பளை உங்க சபைக்கு வாராளாக்கா?"

வருகிறாள். நிலக்கோட்டை ரோட்டுக் கிராமத்தில் பூப்பறிக்கிறவள். என் சாட்சியைக் கேட்டுத்தான் சபைக்கே வந்தாள்.

"அவளுக்கும் டி.பி.தான். மாத்திரைய நிறுத்தி மூணு வாரமாச்சு. ஏன்டின்னு கேட்டா போனத் தூக்கிக் காட்டுறா. பாத்தா, போன்ல நீங்க."

நான் தையல் மிஷின் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"நடுவுல நிறுத்துனா அப்புறம் எந்த மாத்திரைக்கும் கேக்காதுக்கா. ரெண்டு பிள்ளைக வச்சிருக்கா" என்றாள். திட்டுவாள் என்று பார்த்தேன், திட்டவில்லை. படியிறங்கும்போது மட்டும் திரும்பிக் கேட்டாள்: "அந்த வீடியோவுல நான் எங்கக்கா?"

அதற்குத் திட்டியே இருக்கலாம்.

அன்றைக்கே கடையைப் பூட்டிவிட்டு பஸ் ஏறினேன். சண்முகவள்ளி வீட்டு வாசலில் உட்கார்ந்து பூக் கட்டிக்கொண்டிருந்தாள். பேச்சுக்கு நடுவே இருமல், இருமலுக்கு நடுவே சிரிப்பு. என்னைக் கண்டதும் எழுந்து பாய் விரித்தாள். நான் சுற்றி வளைக்காமல் சொன்னேன்: நானும் மாத்திரை சாப்பிட்டுத்தான் பிழைத்தேன், நீயும் சாப்பிடு.

அவள் சிரித்தாள். "என்னையச் சோதிச்சுப் பாக்குறீங்களாக்கா?"

"சத்தியமாச் சொல்றேன்டி."

"சர்ச்சுல மைக்குல நின்னு, கர்த்தர் சாட்சியாச் சொல்றேன்னு சொன்னீகள்ல? இங்க வாசல்ல வச்சு வேற மாதிரி சொல்றீக. அந்த நர்சம்மா உங்களையும் பயமுறுத்திருச்சா? நீங்க வெசனப்படாதீக, எனக்கு விசுவாசம் இருக்கு."

எவ்வளவோ பேசினேன். ஒரு சொல்லும் அவளிடம் இறங்கவில்லை. கடைசியில் அவள் எனக்கே ஆறுதல் சொல்லி, இரண்டு முழம் மல்லிகையும் கொடுத்து பஸ் ஏற்றிவிட்டாள்.

மறுநாள் பாஸ்டர் போன் செய்தார். ஞாயிற்றுக்கிழமை பைபிளில் வரும் எசேக்கியா ராஜாவைப் பற்றிய பிரசங்கமாம். பிரசங்கம் முடிந்ததும் என் சாட்சியாம். எசேக்கியாவை எனக்கு மனப்பாடமாகத் தெரியும். சாகக் கிடந்த ராஜா சுவர்ப்பக்கம் திரும்பி அழுதான், கர்த்தர் அவன் கண்ணீரைப் பார்த்து ஆயுசில் பதினைந்து வருஷம் கூட்டிக் கொடுத்தார். எங்கள் சபையில் அந்த வசனத்துக்குக் கண்ணீர் விடாத ஆள் இல்லை. ஆனால் அந்த அதிகாரத்தை நானாகத் திறந்து ஒருநாளும் வாசித்ததில்லை. பாஸ்டர் சொல்லும் வசனத்துக்குக் கோடு போடுவேன், பைபிளை மூடிவிடுவேன். இப்படியே பைபிளைக் கரைத்துக் குடித்தவளைப் போல நடமாடிக்கொண்டிருந்தேன்.

அன்றைக்குக் கடையில் உட்கார்ந்து அந்த அதிகாரத்தைத் தொடக்கத்திலிருந்து வாசித்தேன். பதினைந்து வருஷம் கூட்டியாயிற்று. கோடு போட்ட இடம் அதோடு முடிந்தது. அதற்கு அடுத்த வசனத்தில் ஏசாயா தீர்க்கதரிசி, அத்திப்பழ அடையைக் கொண்டுவரச் சொல்கிறார். கொண்டுவந்து, ராஜாவைச் சாகக் கிடத்திய கட்டிமேல் மருந்தாகப் பற்றுப் போடுகிறார்கள். அவன் பிழைக்கிறான்.

நான் மறுபடியும் வாசித்தேன். கர்த்தரே வாக்குக் கொடுத்த பிறகும் ஒருவர் போய் அத்திப்பழம் எடுத்துவர வேண்டியிருந்திருக்கிறது. அதை எழுதி வைத்தவர், மகிமை குறைந்துவிடும் என்று பயப்படவில்லை. நான்தான் பயந்தேன். இல்லை, பயம் என்று சொல்வதும் பொய். கைதட்டல் குறையும் என்று கணக்குப் போட்டேன். கடவுளுக்காகப் பொய் சொன்னதாக நினைத்திருந்தேன், எனக்காகத்தான் சொல்லியிருக்கிறேன். வெட்டி வைத்திருந்த துணியில் முகத்தைப் புதைத்து அழுதேன். ஜெபிக்கத் தெரியவில்லை. மன்னியும் என்று மட்டும் சொன்னேன்.

சனிக்கிழமை பாஸ்டர் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பைபிளை வாங்கி அந்த வசனத்தைப் பார்த்தார்.

"இது எனக்குத் தெரியாதுன்னு சொல்ல மாட்டேன் சிஸ்டர். ஒவ்வொரு தடவையும் தாண்டிப் போயிருக்கேன்" என்றார். பிறகு, "நாளைக்கு இதச் சொன்னா சபை தாங்குமா?" என்று கேட்டார்.

"சொல்லலைன்னா சண்முகவள்ளி தாங்க மாட்டா ஐயா."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மைக் முன்னால் நின்றேன். சண்முகவள்ளி மூன்றாவது வரிசையில் இருந்தாள். போட்டு உடைத்துவிட்டேன். குண்டான் பொய், டம்ளர் பொய், கைக்குட்டையில் ஒரு துளி மட்டும் மெய். ஜெபித்தது மெய். ஆறு மாசம் மாத்திரை சாப்பிட்டது மெய். கொண்டுவந்தவள் பேர் நஸீரா. அவளை மறைத்தது நான். அத்திப்பழ வசனத்தை வாசித்தேன். எதையெல்லாமோ அழகாகச் சொல்ல நினைத்திருந்தேன், ஒன்றும் வரவில்லை.

ஒருவரும் அல்லேலூயா சொல்லவில்லை. பாஸ்டர் எழுந்து வந்து என் பக்கத்தில் நின்றார்.

"அவங்க சொன்னது உண்மை. சுருக்கச் சொன்னது நான். அந்த வீடியோவ இன்னைக்கே எடுத்துடுறேன்" என்றார். நான்கு குடும்பங்கள் அப்போதே எழுந்து போய்விட்டன. போகிற போக்கில் ஒரு அம்மா, "விசுவாசத் துரோகி" என்று என் காதில் விழும்படி சொன்னார். வாங்கிக்கொண்டேன்.

வெளியே செருப்புகள் கிடக்கும் இடத்தில் சண்முகவள்ளி நின்றாள். முகம் வெளுத்திருந்தது.

"அப்ப சாமி உங்களுக்கு ஒண்ணும் செய்யலையா?" என்று கேட்டாள்.

"செஞ்சாரு. அவரு செஞ்சதுல பாதிய நான் திருடிட்டேன்."

அவள் இருமினாள். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் இருமினாள். நான் முதுகைத் தடவப் போனபோது கையைத் தட்டிவிட்டாள். அது அவள் உரிமை.

"மூணு வாரம்க்கா. செத்திருந்தா என் பிள்ளைகளுக்கு யாரு பதில் சொல்றது?"

"நாளைக்குக் காலையில ஆஸ்பத்திரிக்குப் போவோம். நஸீரா அங்க நிக்கிறேன்னு சொல்லியிருக்கு. திரும்ப டெஸ்ட் எடுக்கணுமாம். நானும் கூட வாரேன்" என்றேன்.

அவள் செருப்பைப் போட்டுக்கொண்டாள். பத்து அடி நடந்தாள். நின்றாள்.

"எனக்குச் சரியானா, நானும் இங்க வந்து சாட்சி சொல்லுவேன். மாத்திரையையும் சொல்லுவேன், அந்த நர்சம்மாவையும் சொல்லுவேன். நீங்க பொய் சொல்லி என்னையக் கெடுத்ததையும் சேத்துத்தான் சொல்லுவேன்."

"சொல்லுடி" என்றேன். "முன்வரிசையில உக்காந்து கேக்குறேன். எதையும் சுருக்கிராத."