மூடியைத் திறந்த மாமா

அந்தத் தொட்டியும் விரிசல் விட்டிருந்தது. சல்தனத் விரல் நகத்தால் கோட்டைத் தடவிப் பார்த்தாள். நகம் உள்ளே இறங்கியது.

தூண்களின் மேல் ஏற்றிவைத்து, பீன்ஸ் வயல்களுக்குத் தண்ணீர் கொண்டுபோகும் கான்கிரீட் வாய்க்கால் தொட்டிகள் அவை. தாலாஸ் பள்ளத்தாக்கில் இருந்த அந்த அரசுத் தொழிற்சாலை அதைத் தவிர வேறு எதையும் செய்வதில்லை. அச்சில் வார்த்த தொட்டியை நீராவிக் குழியில் இறக்கி, இரும்பு மூடி போட்டு, இரவு முழுக்க வேகவிட வேண்டும். பிறகு மூடியைத் திறக்காமலே ஆறவிட வேண்டும். சூட்டோடு திறந்தால் மார்ச் மாதக் குளிர் சும்மா விடாது.

யாரோ சூட்டோடு திறந்திருந்தார். யாரென்று எல்லாருக்கும் தெரியும். நீராவிக் குழுவின் தலைவர் துர்துபெக். அவள் மாமனாரின் தம்பி.

போன வருஷம்வரை உற்பத்தி மேலாளர் வேலையையும் சேர்த்துப் பார்த்தது அவர்தான். அரசாங்கம் புது விதி போட்டது. அந்த நாற்காலிக்கு உயர் தொழில்நுட்பப் படிப்பும், உற்பத்தியில் ஐந்து வருஷ அனுபவமும் வேண்டும். துர்துபெக்கிடம் அனுபவம் தலைக்கு மேல் இருந்தது, படிப்பு இல்லை. சல்தனத்திடம் இரண்டும் இருந்தன. அவளைத் தற்காலிகமாக உட்காரவைத்தார்கள். நிரந்தரமாக்குவதா, வீட்டுக்கு அனுப்புவதா என்று முடிவு செய்ய அமைச்சகத்து ஆள் இன்று வருகிறார். இன்று பார்த்துத் தொட்டிகள் வெடித்திருக்கின்றன.

தவறுக்கு ஆள் யாரென்று சொல்லாவிட்டால் தவறு மேலாளருடையது. சொல்வதற்கும் ஒரு முறை உண்டு. ஷிப்ட் மாறும்போது எல்லாரும் கூடியிருக்க, பெயரும் பதவியும் சொல்லி, கண்டனத்தை மேலாளரே வாசிக்க வேண்டும். ஜனவரியில் துர்துபெக்மேல் வந்த ஒரு கண்டனத்தை சல்தனத் கிளார்க்குப் பெண்ணை வாசிக்கச் சொன்னாள். துர்துபெக் நேரே டைரக்டரிடம் போனார். கண்டனம் செல்லாமல் போனது.

அவள் ஏன் தானே வாசிக்கவில்லை என்று யாரும் கேட்கவில்லை. வாழ்க்கைப்பட்ட வீட்டின் மூத்த ஆண்கள் பெயரை மருமகள் வாயால் சொல்வதில்லை. பதிலுக்கு ஒரு பெயரை அவளே வைத்துக்கொள்ள வேண்டும். கல்யாணமான வாரத்தில் அவருக்கு 'மலை மாமா' என்று பெயர் வைத்தாள். ஆள் அப்படி இருந்தார். அவருக்குப் பிடித்துப்போயிற்று. மாதம் முடிவதற்குள் தெருவே அவரை மலை என்றது.

தொட்டி உடைந்த சேதி விடியுமுன்னே வீட்டுக்கு வந்திருந்தது. காலையில் அவள் டீ ஊற்றும்போது கணவன் எர்கின் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டிருந்தான்.

"இன்னிக்கு சித்தப்பா பேரை வாசிக்கப் போறியா?"

"தொட்டிய உடைச்சது அவருதானே?"

"தொட்டி அரசாங்கத்துது. சித்தப்பா நம்மளது. நீ பேரைச் சொன்னா அப்புறம் எங்கம்மா உன் கையால டீ வாங்க மாட்டா. நானும் நடுவுல நிக்க மாட்டேன்."

"நீ என்னிக்கு நின்ன?"

அவன் ரொட்டியைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டான்.

டைரக்டர் சமத்தின் அறையில் அமைச்சகத்து ஆள் கோட்டைக் கழற்றாமலே உட்கார்ந்திருந்தார். சமத் தகுதிகளை ஒவ்வொன்றாக வாசித்தார். படிப்பு, அனுபவம், திட்டம் போடுதல், தரம் பார்த்தல். கடைசி வரிக்கு வந்ததும் குரலை உயர்த்தினார்.

"'கீழே வேலை செய்யறவங்களுக்கு நேருக்கு நேரா ஆணையிடும் திறன்.' இதுலதான் சார் இடிக்குது. இந்தப் பொண்ணு எங்க ஊர் மருமக. ஆலையில பாதிப் பேரு புருஷன் வீட்டு ஆளுங்க. இவ எப்படி வேலை வாங்குவா?"

"தொட்டி உடைஞ்சிருக்காமே," என்றார் அமைச்சகத்து ஆள். "யார் செஞ்சது?"

"அதை மேலாளர்தான் சொல்லணும்," என்று சமத் அவள் பக்கம் திரும்பிச் சிரித்தார். "சொல்லு தங்கச்சி. பேரைச் சொல்லு."

"கூட்டத்துல வாசிக்கறேன்," என்றாள் சல்தனத்.

"கிளார்க்கு வாசிக்கப் போறாளா?"

"நான்தான்."

கொட்டகையில் இரண்டு ஷிப்ட் ஆட்களும் நின்றார்கள். துர்துபெக் முன்வரிசையில் ஒரு கவிழ்த்த அச்சின்மேல் உட்கார்ந்து சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருந்தார். தொலியைத் தரையில் துப்பினார். அது அவள் ஷூவுக்குப் பக்கத்தில் விழுந்தது.

"வாசிங்க மேலாளரம்மா," என்றார். "எங்க அண்ணன் வீட்டுச் சோறு தின்ன வாயி. என் பேரு அதுல எப்படி இனிக்குதுன்னு கேப்போம்."

பின்னால் சிரித்தார்கள். சமத்தும் சிரித்தார். அமைச்சகத்து ஆள் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

சல்தனத் தாளை விரித்தாள். மேடைப் பேச்சு அவளுக்கு எப்போதுமே வராது. கல்லூரியில் வாய்மொழித் தேர்வுக்கு முன்னால் வாந்தி எடுத்தவள். தாளில் அவர் பெயர் முழுசாக டைப் செய்திருந்தது. அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு நிமிர்ந்தாள்.

"கண்டனம். ஆறுறதுக்கு முன்னால நீராவிக் குழிகளைத் திறந்து தொட்டிகளைக் கெடுத்ததுக்காக. நீராவிக் குழுத் தலைவர்..."

துர்துபெக் விதை கொறிப்பதை நிறுத்தினார்.

"...மூடியைத் திறந்த மாமா."

கொஞ்ச நேரம் யாருக்கும் புரியவில்லை. முதலில் சிரித்தது கிரேன் ஓட்டும் அனார்குல்.

"அடியாத்தி, மலை போயி மூடி ஆயிடுச்சே," என்றாள்.

அதன்பின் கொட்டகை முழுக்கச் சிரித்தது. இவ்வளவு நேரம் சல்தனத்தைப் பார்த்துச் சிரித்தவர்கள்தான். சிரிப்பு பக்கம் மாறுவதற்கு அதிக நேரம் ஆகவில்லை.

"யாரு அது?" என்றார் அமைச்சகத்து ஆள். "பேரில்லாம கண்டனம் செல்லாது."

"மூடி மாமா, எந்திரிச்சு நில்லுங்க, சார் கேக்குறாரு," என்று பின்னாலிருந்து ஒருவன் குரல் கொடுத்தான்.

துர்துபெக்கின் கழுத்து சிவந்தது. "வாய மூடுறா. அது என் பேரு இல்ல. ஏய் மருமவளே, ஒழுங்கா வாசி."

"உங்க பேரு என் வாயில வரக்கூடாதே மாமா. பெரியவங்க வச்ச முறை. நான் வச்ச பேரைத்தான் சொல்ல முடியும்."

"நீ வச்ச பேரு மலை."

"அது அப்போ."

"மூடி மலை," என்றாள் அனார்குல். அவ்வளவுதான். துர்துபெக் எழுந்துவிட்டார். மடியிலிருந்த விதைகள் சிதறின.

"என் பேரு துர்துபெக். இருவது வருஷமா நீராவிக் குழுவுக்குத் தலைவன். எவனாவது வேற பேரு சொன்னா குழியில இறக்கிடுவேன். துர்துபெக்."

அமைச்சகத்து ஆள் கிளார்க்குப் பெண்ணைத் திரும்பிப் பார்த்தார்.

"கண்டனத்தை மேலாளரே வாசிச்சாச்சு. பேரு, பதவி ரெண்டும் அவர் வாயாலயே வந்துடுச்சு. எழுதிக்கோம்மா."

துர்துபெக் அப்போதுதான் தான் என்ன செய்தோம் என்று புரிந்துகொண்டார். சமத்தைப் பார்த்தார். சமத் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் ஆலை வாசலில் எர்கினின் லாரி இல்லை. வழக்கமாக அவளுக்காகக் காத்திருக்கும். அவளை நிரந்தரமாக்கிய செய்தி லாரிக்கும் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். சல்தனத் நடக்கத் தொடங்கினாள். கேட்டுக்கு வெளியே துர்துபெக் நின்றார்.

அவள் நின்று, கைகட்டி, வழக்கப்படி குனிந்து வணங்கினாள். நல்லா இரு என்று சொல்ல வேண்டியவர் சொல்லவில்லை.

"பேரைச் சொல்லியிருக்கலாம் நீ," என்றார். குரல் தாழ்ந்திருந்தது. "முறை கெட்டவளேன்னு ரெண்டு வாரம் திட்டியிருப்பேன். எங்க அண்ணன் சமாதானம் பண்ணியிருப்பாரு. விட்டிருப்பேன். இது போகாது. நான் செத்தா மூடி மாமா செத்தான்னுதான் ஆளனுப்புவானுங்க."

"தெரியும்," என்றாள்.

"தெரிஞ்சா செஞ்ச?"

"என் வேலையத் தின்னப் பாத்தீங்களே மாமா."

"அது என் வேலை."

பஸ் வந்து நின்றது. உள்ளேயிருந்து யாரோ, "மூடி மாமா, ஏறலியா?" என்றார்கள். அவர் ஏறவில்லை. அவளும் ஏறவில்லை. ஒரே ஊருக்கு, சாலையின் இரண்டு ஓரங்களிலும் ஆளுக்கொரு பக்கமாக நடந்தார்கள்.

அன்றிரவு அவள் ஊற்றிய டீயை மாமியார் அப்படியே வாசலில் கொட்டினாள்.

மறுநாள் காலை சல்தனத் குழிகளைப் பார்க்கப் போனாள். எல்லா மூடிகளும் மூடியே இருந்தன. நடு மூடியின்மேல் சாக்கை விரித்து துர்துபெக் உட்கார்ந்திருந்தார். இரவு முழுக்க அங்கேயே இருந்திருக்கிறார் போல, மீசையில் நீராவி உறைந்திருந்தது. ஒருவரையும் கிட்டே விடவில்லை. அவள் சூடு பார்க்கக் குனிந்தபோது காலை நீட்டி வழியை மறித்தார்.

"இன்னும் ஆறல," என்றார்.