இருபத்திரண்டு படிகள்

“அப்பா, தப்பு பண்ணது நாமளேதான்னு தெரிஞ்சா, யார் மேல கோவப்படறது?”

ஆறு வயதில், ஜாடி உடைந்த ஒரு நாளில், மகள் இப்படிக் கேட்டாள். மருந்துக்கடைக்காரர் சிரித்துவிட்டு ஒரு பிஸ்கட்டைக் கையில் கொடுத்தார். இப்போது அவள் வேறு ஊரில் வேலை பார்க்கிறாள். கேள்வி மட்டும் பதிலில்லாமல் வீட்டிலேயே தங்கிவிட்டது.

அவருடைய கார் பெட்ரோலிலும் ஓடும். வீட்டில் சார்ஜ் போட்டால் மின்சாரத்திலும் ஓடும். மனைவிக்குக் கதிர்வீச்சுச் சிகிச்சை தொடங்கி மூன்று வாரம் ஆகிறது. தினமும் மாலை நான்கு மணிக்கு ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும். போக வர முப்பத்தாறு கிலோமீட்டர். பேட்டரி நிறைந்திருந்தால் இன்ஜின் உயிர்பெறாமலே வீடு வந்துவிடலாம். குறைந்தால், திரும்பும் வழியில் பாலத்தருகே இன்ஜின் உறுமும், வாடை உள்ளே வரும், அவள் வாயைப் பொத்திக்கொள்வாள். அவர் வண்டியை ஓரம் கட்டுவார். குனிந்த அவள் முதுகில் கை வைத்தபடி நிற்பதைத் தவிர அவருக்கு அங்கே வேறு வேலை இருக்காது.

காலை ஏழு மணிக்கு சார்ஜ் போட்டுவிட்டுக் கடைக்குப் போகிறார். இரண்டு மணிக்குத் திரும்பினால் சார்ஜர் பெட்டியில் பச்சை விளக்கு எரிகிறது. கார் மட்டும் எழுபது சதவீதம் என்கிறது. சில நாள் அறுபது. ஐந்து மணி நேரத்தில் நிறைய வேண்டியது ஏழு மணி நேரத்திலும் ஏன் நிறையவில்லை? காரில் சார்ஜ் நேரம் குறிக்கும் இடத்தைத் திருத்திப் பார்த்தார். செருகியைத் துடைத்தார். கம்பெனிக்குப் போன் போட்டால், வண்டியை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்கள் என்றார்கள்.

“என்னையும் ஒருதரம் ஆஃப் பண்ணி ஆன் பண்ணலாமான்னு கேளுங்க,” என்றாள் மனைவி, படுக்கையிலிருந்து.

எலக்ட்ரீஷியன் வந்து சுவர் பிளக்கைக் கழற்றிப் பார்த்து, எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார். ஆள் வருகிறார் என்பதால் கார் ஷெட்டைப் பெருக்கி, நீட்டிப்பு ஒயரின் உருளையை அலமாரியில் எடுத்து வைத்திருந்தார் மருந்துக்கடைக்காரர். அவர் அப்படித்தான். கடையில் மாத்திரை அட்டைகள்கூட ஒரே பக்கம் பார்த்து அடுக்கியிருக்கும். சார்ஜ் போடும்போது அந்த ஒயரையும் வேண்டிய நான்கு முழம் மட்டும் இழுத்துக்கொண்டு, மிச்சத்தை உருளையில் இறுக்கமாகச் சுற்றியே வைப்பார்.

அந்த வியாழக்கிழமை கண்ணாடியை மறந்து வந்துவிட்டதால் பதினொரு மணிக்கே வீடு திரும்பினார். மாடி வீட்டுத் தையல்கார அம்மா ஷெட்டில் குந்தியிருந்தார். கை ஒயர் உருளையின் மேல். பச்சை விளக்கு அப்போதுதான் சிமிட்டி எரிந்தது.

எப்போதும் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவார். அன்று அந்தச் சொல் வாயில் வரவில்லை.

“ஓ, நீங்கதான் தினமும் நிறுத்தறதா? உங்களுக்கு என்ன கெடுதல் பண்ணோம்?”

அந்த அம்மா சுவரைப் பிடித்து மெல்ல எழுந்தார். முழங்காலில் துணி சுற்றியிருந்தது. “நான் நிறுத்தல, தம்பி.”

“கண்ணால பார்த்தேனே!”

“சரி தம்பி. இனிமே தொடல.” படியேறினார். பாதியில் நின்று மூச்சு வாங்கி, மறுபடி ஏறினார்.

மறுநாள் அவர் பரபரப்போடு வீடு வந்தார். இனி யார் தொடப் போகிறார்கள்? பெட்டியில் விளக்கே இல்லை. கார் இருபத்தெட்டு சதவீதம் என்றது. அன்று போகும்போதே இன்ஜின் உறுமியது. ஆஸ்பத்திரி வாசலை எட்டுவதற்குள் இரண்டு முறை வண்டியை நிறுத்தினார். “நான் பஸ்ல வந்துடறேனே,” என்றாள் அவள், கண்ணை மூடிக்கொண்டு. சிகிச்சை இன்னும் பத்து நாள் பாக்கி.

சனிக்கிழமை கடையைத் திறக்கவில்லை. ஷெட்டில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார். எழுந்தார், நடந்தார், மறுபடி உட்கார்ந்தார். எட்டரை மணிக்கு டக் என்று ஒரு சத்தம். விளக்கு அணைந்தது. உருளையில் கை வைத்தார், சுட்டது. அதன் பக்கத்தில் சின்னப் பொத்தான் ஒன்று வெளியே துருத்திக்கொண்டிருந்தது. சூடு ஆறட்டும் என்று காத்திருந்து அமுக்கினார். பச்சை எரிந்தது.

எலக்ட்ரீஷியனுக்குப் போன் போட்டார்.

“சுருட்டி வெச்சேவா சார்ஜ் போடறீங்க? சுருளுக்குள்ள சூடு ஏறும் சார், அதான் அதுவா கட் பண்ணிக்குது. முழுசா அவுத்து விடுங்க. உங்க மாத்திரை மாதிரி அதையும் அடுக்கி வெச்சா எப்படி? எத்தனை தடவை அமுக்கினீங்க? அதுவே ஆபத்து சார்!”

நான் அமுக்கியது ஒருதரம்தான் என்று சொல்ல வந்தவர் போனை வைத்துவிட்டார்.

உள்ளே போய் மனைவியிடம் மெதுவாகக் கேட்டார். “மேல் வீட்டு அக்காகிட்ட நீ ஏதாச்சும் சொன்னியா?”

“ஒருநாள் படிக்கிட்ட பார்த்தேன். கரண்ட்ல போனா தாங்குது, பெட்ரோல் வாடைதான் ஆளைக் கொல்லுதுன்னேன். ஏன்?”

அவர் மாடிக்குப் போனார். ஏறும்போது எண்ணினார்: இருபத்திரண்டு படி. ஒருநாளைக்கு அக்கா எத்தனை தடவை இறங்கி ஏறியிருப்பார்? மாடி ஜன்னலிலிருந்து பார்த்தால் ஷெட்டின் பச்சை விளக்கு தெரிந்தது.

“அக்கா, நான் பேசினது பெரிய தப்பு.”

தையல் மிஷின் நிற்கவில்லை. “துணி அவசரம், தம்பி. உங்க வீட்டம்மாவுக்கு ஒண்ணும் ஆகாது, வேண்டிக்கிட்டிருக்கேன்.” முகம் மட்டும் ஊசியைவிட்டு நிமிரவில்லை.

ஒயரை முழுவதும் அவிழ்த்துத் தரையில் விட்டார். அன்றே பேட்டரி நிறைந்தது. பாலத்தைச் சத்தமில்லாமல் கடந்தார்கள். மனைவி ஜன்னலில் சாய்ந்து தூங்கினாள். அவருக்குத்தான் இருப்புக்கொள்ளவில்லை.

புதன்கிழமைகளில் காலை ஆறரைக்குத் துணிக் கம்பெனி வண்டி வரும். ஆறு மூட்டைகளைப் படியடியில் வீசிவிட்டுப் போகும். அந்த நேரம் தையல்கார அம்மா பிரார்த்தனைக்குப் போயிருப்பார். வந்து ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டு ஏறுவார்.

அந்தப் புதனன்று வண்டி போனதும் மருந்துக்கடைக்காரர் கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு வந்தார். முதல் மூட்டையைத் தோளில் ஏற்றினார். நான்காவதில் அவரும் பாதிப் படியில் நின்று மூச்சு வாங்கினார். ஆறையும் மாடிக் கதவோரம், பெரியது அடியில், சிறியது மேலே, முடிச்சுகள் ஒரே பக்கம் பார்க்க அடுக்கி முடித்துத் தள்ளி நின்று பார்த்தார்.

பிறகு குனிந்து, அடுக்கைக் கலைத்தார். ஒரு மூட்டை சரிந்து உருண்டது. இன்னொன்று குப்புற விழுந்தது. வண்டிக்காரரே மேலே கொண்டுவந்து வீசியது போலக் கிடந்தன.

கீழே ஷெட்டில் ஒயர் தரையெல்லாம் வளைந்து வளைந்து கிடந்தது. அதை மிதிக்காமல் தாண்டிப் போய் சார்ஜைச் செருகினார். பச்சை விளக்கு சிமிட்டத் தொடங்கியது. தெருக்கதவின் தாழ்ப்பாள் ஓசை கேட்டதும், செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பின்கதவு வழியே கடைக்கு நடந்தார்.