மேசையைத் தட்டிய கை

எம்.பி. திருமலைக்குக் காதில் மாட்டும் அந்தக் கருவியைக் கண்டாலே ஆகாது. மற்றவர்கள் பேசுவதை மொழிபெயர்த்துச் சொல்லத்தான் அதை வைத்திருக்கிறார்கள். ஆனால் அதை மாட்டினால் டிவியில் முகம் எடுபடாது என்று அவருக்கு ஓர் எண்ணம். நாடாளுமன்றத்தில் முதன்முதலாக வாய் திறக்கப்போகும் நாளில் முகம் எடுபடாமல் போனால் எப்படி? கழற்றி வைத்துவிட்டார்.

பேசியது என்னவோ நன்றாகத்தான் பேசினார். ஒரகடம் பக்கத்துக் கம்பெனிகளில் இரும்புத் தகட்டை அழுத்தும் பிரஸ் மெஷினில் விரல் போன ஒப்பந்தத் தொழிலாளர்கள் எத்தனை பேர், அரசுக்குத் தெரியுமா என்று தமிழில் கேட்டார். கேட்கும்போது அவர் மனதில் இருந்தவன் கன்னியப்பன். வல்லம் வடகாலில் அவரோடு பசை வாளி தூக்கிப் போஸ்டர் ஒட்டியவன். கவுன்சிலர் தேர்தலில் இருந்து எம்.பி. தேர்தல் வரை அவருக்காக ஓட்டுக் கேட்டு அலைந்தவன். போன வருஷம் மெஷினில் சிக்கி அவன் வலது கையில் நான்கு விரல் போய்விட்டது. அப்படி ஓர் ஆளே எங்களிடம் இல்லை என்று கம்பெனி கைவிரித்துவிட்டது. "டெல்லியில கேக்கறேன்டா, நீ கவலப்படாத" என்று ஆஸ்பத்திரியில் வைத்துச் சொல்லியிருந்தார் திருமலை.

மந்திரி எழுந்து இந்தியில் பதில் சொன்னார். நடுவில் "திருமலைஜி" என்று காதில் விழுந்தது. சுற்றியிருந்தவர்கள் மேசையைத் தட்டினார்கள். தன்னைத்தான் பாராட்டுகிறார்கள் என்று திருமலைக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அவரும் தட்டினார், எல்லோரையும்விடப் பலமாக. அன்று சாயங்காலமே அந்த வீடியோவுக்கு மேளச் சத்தம் சேர்த்து, தொகுதியில் இருக்கிற அத்தனை வாட்ஸ்அப் குழுவிலும் போடச் சொன்னார். தன் மானத்தைத் தானே மேளதாளத்தோடு ஊர்வலம் விட்ட மனுஷன் அவராகத்தான் இருப்பார்.

மறுநாள் இந்தி தெரிந்த யாரோ, மந்திரி சொன்னதைத் தமிழில் எழுதி அந்த வீடியோவுக்குக் கீழே போட்டுவிட்டார்கள். 'திருமலைஜி சொல்லும் பகுதியில் அப்படி ஒரு விபத்துகூட நடந்ததாகப் பதிவு இல்லை.'

ஊருக்கு வந்த திருமலை காரைத் தெருமுனையிலேயே நிறுத்திவிட்டு கன்னியப்பன் வீட்டுக்கு நடந்தார். வெட்கம் பிடுங்கித் தின்றது. வாசலில் அவன் மனைவி சரோஜா கம்பெனி யூனிஃபார்மோடு நின்றுகொண்டிருந்தாள்.

"ஷிஃப்ட் வண்டியில எல்லாரும் படிச்சிட்டு சிரிச்சிக்கினு வந்தாங்கண்ணே. அவருக்கு இன்னும் தெரியாது. என் வாயால நான் சொல்லமாட்டேன். நீயே சொல்லு."

உள்ளே கன்னியப்பன் துள்ளி எழுந்தான்.

"வாடா எம்.பி.! தெருவுல ஒரு வூடு விடாம காட்டிட்டேன்." டிவி வைத்திருந்த மேசையைத் தன் வலது கையால் தட்டிக் காட்டினான். கட்டைவிரலும் உள்ளங்கையும்தான் பட்டன. சத்தம் சரியாக வரவில்லை. "இப்டித்தான தட்டுன? இன்னா தட்டு! ஆமா, மந்திரி இன்னாடா சொன்னாரு?"

விசாரிக்கிறேன் என்றார் என்று சொல்லிவிடலாமா? மேடையில் எத்தனையோ பொய் அவர் வாயிலிருந்து தடங்கலே இல்லாமல் வந்திருக்கிறது. நிலைப்படியில் சரோஜா வந்து நின்றாள். அவர் தலை தானாகக் குனிந்தது.

"நம்ம பக்கத்துல யாருக்குமே அடிபடலன்னு சொன்னாருடா."

கன்னியப்பனின் கை மேசை மேலேயே இருந்தது. அதைப் பார்த்தான். பிறகு, கோபமே இல்லாமல், நிஜமாகவே புரியாதவனாகக் கேட்டான்.

"அதுக்கா தட்டுன?"