முன்னேற்றம் காணப்படுகிறது

நான் ஊசி போடத் தெரியாத டாக்டர். அண்ணன் வைத்த பட்டம் அது. நுரையீரல் புற்றுநோய்ச் செல்களைப் புட்டியில் வளர்த்து, அவற்றுக்குள் ஓடும் சிக்னல்களைத் துரத்துவது என் வேலை. "பஸ் ஓட்டறவன் நான். சிக்னல் பாக்கறது நீயா?" என்று சிரிப்பான். அப்பா அம்மா போன பிறகு எனக்கென்று இருப்பது அவன் ஒருவன்தான். அவனுக்கும் நான்தான்.

போன வருடம் அந்த நோய் அவனுக்கே வந்தது. எனக்கு அழுகைக்கு முன்னால் கோபம்தான் வந்தது. இத்தனை வீடு இருக்க எங்கள் வீடுதான் கிடைத்ததா?

செல்லின் மேற்பரப்பில் ஒரு புரதம் இருக்கிறது. வெளியிலிருந்து தகவல் வந்தால் மட்டுமே அது 'வளரு' என்று உள்ளே சொல்ல வேண்டும். அண்ணனின் செல்களில் யாரும் கேட்காமலே சொல்லிக்கொண்டிருந்தது. மாத்திரை அதன் வாயை அடைத்தது. பத்து மாதம் நன்றாக இருந்தான். இருமல் நின்றது, என்னிடம் சண்டை பிடிக்கத் தெம்பும் வந்தது. ஆனால் இந்தச் செல்கள் லேசுப்பட்டவை அல்ல. ஒரு வாயை அடைத்தால் பக்கத்துப் புரதத்தைப் பிடித்து, அதே உத்தரவை வேறு வழியாக உள்ளே அனுப்பிவிடும். என் புட்டிகளில் அதைப் பார்த்து, சோதனை பலித்துவிட்டது என்று குதித்திருக்கிறேன். நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

நேற்று மத்தியானம் செல்களுக்குப் புதுத் திரவம் ஊற்றிக்கொண்டிருந்தபோது போன் செய்தான்.

"டாக்டரம்மா! ஸ்கேன் ரிப்போர்ட் வந்துடுச்சு. ப்ரோக்ரஷன்னு போட்டிருக்கு. போன்ல தமிழாக்கிப் பாத்தேன், 'முன்னேற்றம் காணப்படுகிறது'ங்குது!"

கையுறையைக் கழற்றினேன். "டாக்டர் என்ன சொன்னார்?"

"வியாழக்கிழமை வரச் சொன்னாங்க. சதை எடுத்துப் பாக்கணுமாம். அதான் முன்னேறிடுச்சே, எதுக்கு இன்னொரு குத்து? வரலைன்னு சொல்லிடப் போறேன். திங்கக்கிழமை டூட்டிக்கே போயிடலாம்னு இருக்கேன். டெப்போவுல எல்லார்கிட்டயும் சொல்லியாச்சு."

அவன் இவ்வளவு உற்சாகமாகப் பேசிக் கேட்டு ஒரு வருடம் ஆகிறது. அந்தச் சதையைச் சோதித்தால்தான் செல்கள் இப்போது எந்த வழியைப் பிடித்திருக்கின்றன, அதற்கு வேறு மாத்திரை உண்டா என்று தெரியும். ஒரு வாரம்கூடத் தள்ளிப்போடக் கூடாது.

"என்னடி, சத்தத்தையே காணோம்?"

"அண்ணா... முன்னேறினது நீ இல்ல."

"பின்ன யாரு?"

"அது."

அவன் யோசிப்பதற்குள் நானே தொடர்ந்தேன்.

"வியாழக்கிழமை நானும் வர்றேன். கண்டிப்பாப் போகணும்ணா."

"போறேன், போறேன்" என்றான். பிறகு, "சாயங்காலம் வரைக்குமாவது சந்தோஷமா விட்டு வச்சிருக்கலாம்ல" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டான்.

யாரிடமாவது சொல்லி அழ வேண்டும் போலிருந்தது. எனக்கு எது நடந்தாலும் அண்ணனிடம்தான் சொல்வேன்.