பாவடியில் ஓர் ஊதல்

பந்து கோட்டைத் தாண்டிப் போய் வேலியோரம் விழுந்தது. சௌந்திரம் ஊதினாள். ஆடிக்கொண்டிருந்தவர்களில் ஒருத்தியும் நிற்கவில்லை. புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு ஒருத்தி ஓடிப் பந்தை எடுத்து வந்து வீசினாள், இன்னொருத்தி பிடித்தாள், வலையின் இரண்டு பக்கமும் சிரிப்பும் கூச்சலும் தொடர்ந்தன. நடுவராக நின்ற சௌந்திரத்தின் வாயிலிருந்த விசில், உலைமூடி இடுக்கில் ஆவி போவதுபோல் ஒரு சத்தம் விட்டு அடங்கியது.

முப்பத்தெட்டாம் வருஷக் கோடையில் சேலம் அஸ்தம்பட்டியில் பள்ளி ஆசிரியைகளுக்கு உடற்பயிற்சி வகுப்பு நடந்துகொண்டிருந்தது. வகுப்பு எடுக்க மதராஸிலிருந்து வந்திருந்த ஞானாபரணம் அம்மாள் ஆட்டம் முடிந்ததும் அவளைத் தனியே கூப்பிட்டார்.

"விதியெல்லாம் உனக்கு அத்துப்படி. ஓட்டத்துல உன்னை முந்த இங்கே ஆளில்லை. ஆனா ஓடுற பிள்ளையை நிறுத்தத் தெரியாதவ கையில மைதானத்தை எப்படிம்மா குடுக்கறது? திங்கட்கிழமை பரீட்சை எடுக்க வர்றவங்க முதல்ல கேக்கப்போறது உன் விசிலைத்தான்."

அவர் சொன்னதில் தப்பில்லை. ஊரில் புதிதாகத் தொடங்கவிருந்த பெண்கள் உயர்நிலைப் பள்ளிக்கு விளையாட்டு ஆசிரியை வேண்டும். இந்தப் பயிற்சியில் தேறினால் அந்த வேலை சௌந்திரத்துக்கு. தேறாவிட்டால் பழையபடி ஒன்றாம் வகுப்பில் உட்கார்ந்து மணலில் 'அ'னா எழுத வைக்க வேண்டியதுதான். அதுவும் நல்ல வேலைதான். ஆனால் மைதானத்தில் நாற்பது பெண்கள் ஒரே சமயத்தில் கை உயர்த்துவதைப் பார்த்த நாளிலிருந்து அவளுக்கு வேறெதிலும் மனம் ஒட்டவில்லை. வாழ்க்கையில் இத்தனை ஆசையோடு அவள் வேண்டும் என்று நினைத்தது இன்னும் ஒன்றே ஒன்றுதான். அது அர்த்தநாரி. அவனைக் கட்டிக்கொண்டாயிற்று.

வேடிக்கை என்னவென்றால், ஜேடர்பாளையத்தில் வாத்தியார் மகளாக வளர்ந்தபோது அவளுக்கு ஊதலே வேண்டியிருந்ததில்லை. இரண்டு விரலை வாயில் வைத்து ஒரு சீட்டி அடித்தால், காவிரியில் நீந்திக்கொண்டிருக்கும் அண்ணன்மார் அத்தனை பேரும் சாப்பாட்டுக்குக் கரையேறி வருவார்கள். கல்யாணமாகிச் சேலத்து நெசவாளர் வீட்டுக்கு வந்த புதிதில் ஒருநாள் தெருக்கோடியில் போன அர்த்தநாரியை அப்படித்தான் கூப்பிட்டாள். அன்றைக்கே தறியில் நெடுக்கு இழைகளான பாவு அறுந்தது. மாமியார் கந்தம்மாள் வையவில்லை. "நம்மூட்டுல பொம்பளைக சீட்டி அடிக்கறதில்ல கண்ணு" என்று மட்டும் சொல்லிவிட்டு, பொழுது சாயும்வரை மகனோடு உட்கார்ந்து, முதுகு வளைய இழை இழையாகப் பிணைத்தார். வைதிருந்தால் மறந்திருக்கும். இப்போது ஊதலை உதட்டில் வைத்தாலே அந்த முதுகுதான் அவள் கண்முன் வருகிறது; மூச்சு தொண்டையோடு நின்றுவிடுகிறது.

சாயங்காலம் சோறு போடும்போது எல்லாவற்றையும் சொன்னாள். அர்த்தநாரி தட்டில் கோடு கிழித்துக்கொண்டே கேட்டான்.

"ஊட்டுக்குள்ளதான அம்மா கூடாதுன்னாங்க. பாவடி யாரூட்டுக்குள்ள இருக்குது? நாளைக்குக் காலைல பாவு நீட்டறோம். நீ ஒரு கோடில நில்லு, நான் மறு கோடில நிக்கறேன். கேட்டா கையத் தூக்கறேன்."

"ஏனுங்க, வெளையாடறீங்களா? பாவுக்குப் பக்கத்துலயா? ஒரு இழை போனாலும் என் தலைலதான் உழுகும்."

"போனாப் பிணைச்சுக்கலாம். எனக்கு அதுகூடவா தெரியாது?"

சமையலறையில் பாவுக்குக் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்த கந்தம்மாளின் துடுப்பு ஒரு கணம் நின்று, மறுபடி சுற்றத் தொடங்கியது.

விடிந்ததும், பாவு நீட்டும் பொதுத்தெருவான பாவடியில் பாவு நீண்டு கிடந்தது. குறுக்குக் கம்புகள் தாங்க, தெரு நீளத்துக்கு வெள்ளை இழைகள். வெயில் ஏறுவதற்குள் கஞ்சி நீவி முடிக்க வேண்டுமென்று இரண்டு பக்கமும் ஆட்கள் தூரிகையோடு நகர்ந்துகொண்டிருந்தார்கள். நடுவில் கந்தம்மாள். மறுகோடியில் அர்த்தநாரி ஆள்காட்டி விரல் அளவுக்குத் தெரிந்தான்.

சௌந்திரம் விசிலை எடுத்ததும் அர்த்தநாரியின் சித்தப்பா மகன் சின்னண்ணன் திரும்பிப் பார்த்தான்.

"அண்ணி, ரயிலு இந்தப் பக்கமா வருதுங்களா? சொன்னீங்கன்னா பாவைச் சுருட்டிக்கறோம்."

சிரிப்பு அடங்கும் முன்பே அவள் ஊதினாள். மறுபடி அந்த உலைமூடி ஆவிதான் போயிற்று.

"இது ஊதலுங்களா, பெருமூச்சுங்களா?" என்றான் சின்னண்ணன்.

மறுகோடியில் அர்த்தநாரி காதில் கை குவித்துக்கொண்டு, அவளைப் பார்த்தபடியே நின்றான். அவனுக்கு அவசரமில்லை. அந்த நிற்பைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு உள்ளே எதுவோ இளகியது. இந்தத் தெருவின் நீளம் காவிரியின் அகலத்துக்கு மேல் இல்லை என்று தோன்றியது. காலை அகட்டி வைத்தாள். அடிவயிறுவரை காற்றை இழுத்தாள்.

அந்தச் சத்தம் அவளுக்கே புதிதாக இருந்தது. ஓட்டுக்கூரைகளின் மேல் புறாக்கள் எழும்பின. தூரிகைகள் இருந்த இடத்திலேயே நின்றன. சின்னண்ணன் வாயில் வந்த அடுத்த கேலி வாயிலேயே இருந்தது. தெரு முனையில் திரும்பிய ஜட்காக்காரன், போலீஸ் என்று நினைத்துக் கடிவாளத்தை இழுத்துப் பிடித்தான். மறுகோடியில் அர்த்தநாரி இரண்டு கைகளையும் தூக்கியிருந்தான்.

கந்தம்மாளின் விரல்கள் மட்டும் அசைந்தன. பாவின் மேல் குனிந்து, அறுந்துகிடந்த ஓர் இழையின் இரண்டு முனைகளையும் எடுத்து எச்சில் தொட்டு முறுக்கிக்கொண்டிருந்தார். சௌந்திரத்தின் வாயிலிருந்து விசில் நழுவியது.

"அத்தை..."

"இது கஞ்சி பத்தாம அறுந்தது சாமி" என்றார் கந்தம்மாள், நிமிராமலே. இழையைச் சுண்டிப் பார்த்தார். நின்றது. "எல்லாத்தையும் நிறுத்திப்போட்டு நீயும் நின்னா எப்படி? மறுபடி நடக்கச் சொல்றதுக்கு ஒரு ஊதல் இருக்குமில்ல, அதை ஊது. வெயிலு ஏறுது."

ஜட்காக் குதிரை மட்டும் ஒருமுறை தலையை உதறியது. பாவடி முழுக்க, தூக்கிய கை தூக்கியபடி, தூரிகை பிடித்தது பிடித்தபடி, எல்லோரும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். சௌந்திரம் விசிலை மறுபடி உதட்டுக்குக் கொண்டுபோனாள்.