ஆறாம் நாற்காலிக்காரர்

டுவைட் பெல்டியர் முப்பத்தெட்டு மணி நேரக் காணொளிகளைப் பார்த்து முடித்திருந்தான். தண்டர் பே ஊரில் வீட்டு ஹீட்டர்களைப் பழுதுபார்ப்பதுதான் அவன் பிழைப்பு. ஆனால் கிறிஸ்துமஸ் கழிந்த நாளிலிருந்து, யார் வீட்டு ஹீட்டரைத் திறந்தாலும் உள்ளேயிருந்து போக்கர் சீட்டாட்டத் தத்துவம்தான் வெளியே வந்தது. வியாழக்கிழமை, ஐஸ் தளத்தில் கல் சறுக்கி விளையாடும் கர்லிங் கிளப்பின் மாடியில் ‘சிறு போட்டிகளில் வெல்லும் விஞ்ஞானம்’ என்று வகுப்பு எடுக்கப்போவதாக நோட்டீசும் ஒட்டியாகிவிட்டது. அதன் கடைசி வரி இப்படி இருந்தது: ‘வெற்றி பெற்ற மாணவி ஒருவர் தன் அனுபவத்தைச் சொல்வார்.’

அந்த மாணவி அவன் மனைவியின் அக்கா ஐலா ரௌடியோ. பள்ளிப் பேருந்து டிப்போவில் இருபத்திரண்டு வருடமாக வண்டிகளை அனுப்பிக்கொண்டிருப்பவள். வெற்றிதான் இன்னும் வரவில்லை.

இணைய மேசையில் ஒன்பது பேர் உட்காருவார்கள். கட்டணம் ஐந்து டாலர், பந்தயச் சில்லு தீர்ந்தவர் வெளியே, கடைசிவரை தங்குகிற மூன்று பேருக்கே பரிசு. எல்லாருக்கும் வருவது அதே ஐம்பத்திரண்டு சீட்டுதானே, பின்னே எப்படிச் சிலர் மட்டும் அடிக்கடி தங்குகிறார்கள் என்பது ஐலாவுக்குத் தீராத குறுகுறுப்பு. இருபது டாலர் ஒதுக்கினாள். நான்கு ஆட்டத்தில் ஒன்றிலாவது பரிசு வராவிட்டால் கடையைச் சாத்திவிடுவது என்று தனக்குத்தானே வாக்குக் கொடுத்திருந்தாள். டுவைட்டின் போதனைப்படி மூன்று ஆட்டம் ஆடினாள். ஒன்பதாவது, எட்டாவது, மறுபடி ஒன்பதாவது.

சனிக்கிழமை மதியம் டுவைட் தன் கணினியைத் தூக்கிக்கொண்டு அவள் சமையலறைக்கே வந்துவிட்டான்.

“நீ பயந்து பயந்து ஆடுற, ஐலா. இன்னைக்கு நான் ஆடுறேன், நீ வேடிக்கை பாரு.”

“பாக்குறேன் வாத்தியாரே. பூட்ஸைக் கழட்டிட்டு வா மொதல்ல.”

டுவைட் முதல் சீட்டிலிருந்தே உதார் விட்டான். கையில் ஒன்றுமில்லாதபோது ராஜா இருப்பதுபோல் சில்லுகளைத் தள்ளினான், ராஜா இருக்கும்போது ஒன்றுமில்லாததுபோல் இழுத்தான். ஐலா டிப்போ காகித அட்டையில் குறித்துக்கொண்டே வந்தாள். பத்து நிமிடம் கழித்துத்தான் அவள் கண் ஆறாம் நாற்காலியில் விழுந்தது.

“இந்த ஆளு ஏன் ஒரு தடவைகூட ஆடல?”

“எழுந்து போயிட்டான். அவன் முறை வந்தா சீட்டை மெஷினே கீழ போட்டுடும். கட்டாயமா வைக்க வேண்டிய சில்லை மட்டும் எடுத்துக்கும். செத்த பாம்பு, விடு.”

அந்தக் கட்டாயச் சில்லு சுற்றுக்குச் சுற்று வரும், நேரம் ஆக ஆக ஏறும். செத்த பாம்பு கொஞ்சம் கொஞ்சமாக இளைத்தது. அதற்குள் உயிருள்ள பாம்புகள் ஒன்றையொன்று கடித்து, ஐந்து பேர் காலி. மிச்சம் நான்கு பேர். டுவைட்டிடம் ஓரளவு சில்லு இருந்தது. ஆறாம் நாற்காலியிடம் இன்னும் ஒரு சுற்றுக்கே காணும்.

“இப்ப நீ சும்மா இருந்தா, அவர் தானா கரைஞ்சிடுவாரு. உனக்குப் பரிசு வந்துடும், இல்லையா?” என்றாள் ஐலா.

“சும்மா இருக்கறதுக்கா முப்பத்தெட்டு மணி நேரம் படிச்சேன்?”

ஒன்பதும் நாலுமாக உதவாத சீட்டை வைத்துக்கொண்டு மொத்தத்தையும் தள்ளினான். எதிரே இருந்தவள் யார் எவ்வளவு தள்ளினாலும் ஈடாகத் தள்ளி உள்ளே வருகிறவள் என்று ஐலாவின் அட்டையில் மூன்று இடத்தில் குறிப்பு இருந்தது. உள்ளே வந்தாள். அவளிடம் ஒரு மூன்று ஜோடி. அது போதுமானதாக இருந்தது.

“அவளுக்கு ஆடவே தெரியல. நான் ராஜா இருக்குன்னு கதை சொல்றேன், அவ கதையைக் கேக்கவே இல்ல.”

“அந்தம்மா தன் சீட்டைப் பாத்தாங்க. உன் கதையைக் கேக்க அவங்க என்ன உன் பொண்டாட்டியா?”

நான்காவது இடத்தோடு டுவைட் எழுந்தான். ஒரு சுற்றில் ஆறாம் நாற்காலியும் கரைந்தது, மூன்றாம் பரிசோடு. அப்போதுதான் அரட்டைக் கட்டத்தில் எழுத்து வந்தது: ‘மன்னிக்கணும். நாய் வெளிய போகணும்னு அடம் பிடிச்சான். பூட்ஸ் மாட்டி முடிச்சா, அங்க ஒரு முயல். நான் எத்தனாவது?’

யாரோ சொன்னார்கள். ‘அடேங்கப்பா’ என்று எழுதிவிட்டு அந்த ஆள் போய்விட்டார்.

“இது விதிவிலக்கு” என்றான் டுவைட்.

ஐலா அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பனிப்புயல் நாளில் முதல் அரை மணியில் பறக்கிற வண்டிகள்தான் பள்ளத்தில் கிடக்கும். இது டிப்போவில் எல்லாருக்கும் தெரியும். ஆனால் கிளம்பாமலே நிற்கிற வண்டியும் பள்ளிக்கூடம் போய்ச் சேராதே. நாய்க்காரருக்கு மூன்றாவதுக்கு மேல் வழியே இல்லை.

கடைசி ஐந்து டாலரைக் கட்டினாள்.

“ஒரு கைக்கு ஒரு ஆளுதான் ஆடணும்னு விதி இருக்கு. வாயைத் திறந்தா காபி கிடையாது.”

டுவைட் பெருமூச்சு விட்டான், கம்பளித் தொப்பியைப் பிழிந்தான். ஐலா போட்டாள், போட்டாள், சீட்டைக் கீழே போட்டுக்கொண்டே இருந்தாள். நல்ல சீட்டு வந்தபோது மட்டும் ஆடினாள். மறுபடி நான்கு பேர். அவளுக்குக் கீழே ஒருவர் மட்டும் சொற்பச் சில்லோடு முனகிக்கொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்து அவளுக்கு ஜோடியாக இரண்டு ஒன்பதுகள் வந்தன. மேசையின் பெரும்புள்ளி மொத்தத்தையும் தள்ளினார்.

டுவைட்டின் நாற்காலி கிரீச்சிட்டது.

ஒன்பதுகள் அழகாக இருந்தன. வெல்லவும் கூடும். ஆனால் தோற்றால் கடை சாத்து. ஐலா அழகைக் கீழே போட்டாள். டுவைட் முகத்தைத் தொப்பியால் மூடிக்கொண்டான். இரண்டு சீட்டு கழித்து அந்தச் சொற்பச் சில்லுக்காரர் வெளியேறினார்.

பரிசு உறுதி. நாய்க்காரர் வழி இதுவரை போதும் என்று அவளுக்குப் பட்டது. அந்த நொடியிலிருந்து, யாரும் கை வைக்குமுன் தானே தள்ள ஆரம்பித்தாள். மற்ற இருவரும் விலகி விலகிக் கட்டாயச் சில்லுகளைக் கொடுத்தார்கள். பெரும்புள்ளியே மூன்றாவதாகப் போனார். கடைசியில் ஐலா இரண்டாவது.

“பாத்தியா, நான் சொன்ன மாதிரியே ஆடுன” என்றான் டுவைட், தொப்பியை விலக்கி.

“ஆமாமா. காபி குடி.”

வியாழக்கிழமை மாடியில் பதினோரு பேர் வந்திருந்தார்கள். டுவைட் பலகையில் பதின்மூன்று கோட்பாடுகளை எழுதிவிட்டு மாணவியை அழைத்தான்.

“சொல்லு ஐலா. எங்கிட்ட கத்துக்கிட்டதுல முக்கியமானது எது?”

“நாய் கூப்பிட்டா வெளிய போயிடணும்” என்றாள். பிறகு ஆறாம் நாற்காலிக் கதையை, ஒன்பதும் நாலும் உட்பட, முழுசாகச் சொன்னாள். சபை சிரித்து ஓய, ஐஸ் தளத்தைப் பராமரிக்கிற ஹெல்மி பின்வரிசையிலிருந்து கேட்டாள்:

“சரிடி, போயிட்ட. எப்பத் திரும்பி வரணும்?”

“அதுதான் கஷ்டம், ஹெல்மி. அதுக்குத்தான் ஜெயிச்சதுல அஞ்சு டாலரை எடுத்து மறுபடி கட்டியிருக்கேன்.”

டுவைட் தொண்டையைச் செருமிக்கொண்டு பலகைப் பக்கம் திரும்பினான். பதினான்கு என்று எண் போட்டு, எதிரே ‘நாய்’ என்று எழுதி, தன் கண்டுபிடிப்பைப்போல் அடிக்கோடிட்டான்.