உடம்பு ஆறட்டும்

1

இந்தக் கதை ஒரு தொலைபேசி அழைப்பிலிருந்து வந்தது. அந்த அழைப்பில் நான் தப்புச் செய்தேன். இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பிறகு கதைக்குள் போய் ஒளிந்துகொண்டாள் என்று யாரும் சொல்லக்கூடாது.

சலினாஸ் பள்ளத்தாக்கில் ஒரு சின்ன மருத்துவமனையின் முன்மேசை என்னுடையது. தோட்ட வேலைக்காரர்கள் கூப்பிட்டுப் பூச்சிமருந்து பற்றிக் கேட்பார்கள். அவர்களுடைய ஸ்பானிஷ் மொழியில் இருக்கும் பாதுகாப்புத் தாளைத் தேடி எடுத்துப் படித்துக் காட்டுவேன். பதினாறு வருடமாக இதுதான் பிழைப்பு.

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'பனி விலகிய தோட்டத்தில் ஸ்ட்ராபெர்ரிகள் செக்கச் செவேலென்று'

[அடித்துவிட்டேன். குனிந்து பறிக்கிற யாருக்கும் அந்தச் சிவப்பைப் பார்க்க நேரமில்லை.]

2

அழைத்தவள் பெயர் யூஃபேமியா என்று வைத்துக்கொள்வோம். உண்மைப் பெயர் வேறு. நாலு மாதக் கர்ப்பிணி. காலையில் அவள் ஸ்ட்ராபெர்ரி வரிசையில் குனிந்திருந்தபோது, அடுத்த வயலில் மருந்து அடித்துக்கொண்டிருந்த டிராக்டர் பக்கமிருந்து காற்று திரும்பியது. கழுத்திலும் கைகளிலும் ஈரம் பட்டது. நாக்கு நுனி கசந்தது. சட்டென்று வயிற்றை இரண்டு கைகளாலும் பொத்திக்கொண்டாள். அந்தக் கைகளும் ஈரம் என்பது பிறகுதான் உறைத்தது.

"என்னமோ நாறுதுடி."

"நாலு மாசம்ல, உனக்கு எல்லாமே நாறும். நேத்து என் சோப்பையே நாறுதுன்ன!" என்று பக்கத்து வரிசைச் சாயோ சிரித்தாள்.

மேஸ்திரி எவரிஸ்தோ வண்டியோரம் நின்று சத்தம் போட்டார்: "செடிக்குப் போடற வெறும் சத்துத் தண்ணிம்மா! பயந்து சாகாத, பெட்டிய நிரப்பு."

[முதல் வரைவில் எவரிஸ்தோதான் வில்லன். பிறகு கேள்விப்பட்டேன், அவருடைய சட்டையும் நனைந்திருந்ததாம். அவரும் கழுவவில்லையாம். பழியைத் தூக்கிப்போட ஓர் ஆள் கிடைத்து, கிடைக்காமல் போய்விட்டது.]

3

அவள் வயலோரக் கழிப்பறை வண்டிக்குப் பின்னால் நின்று தொலைபேசியில் என்னைக் கூப்பிட்டாள்.

"அக்கா, மேல பட்டுடுச்சு. என்ன மருந்துன்னு தெரியல. வயித்துல இருக்கறதுக்கு ஏதாவது ஆயிடுமா?"

மருந்தின் பெயர் தோட்ட அலுவலகப் பலகையில் இருக்கும். அலுவலகம் இரண்டு மைல் தள்ளி இருந்தது. ஆனாலும் எல்லா மருந்துக்கும் பொதுவான தாளை இரண்டே நிமிடத்தில் எடுத்துவிட்டேன். கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. படித்தேன்: நனைந்த துணியைக் கழற்றுங்கள். உடனே சோப்புப் போட்டு நிறையத் தண்ணீரில் கழுவுங்கள். மருத்துவரைப் பாருங்கள்.

அந்த வண்டியின் கைகழுவும் குழாய் அவள் பக்கத்திலேயே இருந்தது.

"சரிக்கா. ஒடம்பு கொதிக்குது. ஆறட்டும், வீட்டுக்குப் போய் வெந்நீர்ல குளிச்சுக்கறேன்."

வெயிலில் வேலை செய்த சூட்டோடு இங்கே யாரும் பச்சைத் தண்ணீரைத் தொடமாட்டார்கள். நரம்பு இழுத்துக்கொள்ளும், விரல் மடங்கிப்போகும் என்பது மெக்சிகோவிலிருந்தே அவர்களோடு வந்த பயம். தாளை எழுதியவருக்கு அது தெரியாது. எனக்குத் தெரியும். இவர்களோடு இருந்து எனக்கும் ஒட்டிக்கொண்டது. துணி இஸ்திரி போட்ட கையை நானே குழாயில் காட்டமாட்டேன். 'விரல் மடங்கினா மடங்கட்டும், இப்பவே ஊத்திக்கடி' என்று நான் கத்தியிருக்க வேண்டும்.

நான் சொன்னது: "சரிம்மா, பாத்துக்க."

4

முடிவு அ: சாயோ அவளைத் தரதரவென்று குழாயடிக்கு இழுத்துப்போகிறாள். அக்டோபரில் பிள்ளை பிறக்கிறது. [பொய். வீட்டுக்குப் போய் மதியம் மூன்று மணிக்குத்தான் குளித்தாள். அதற்குள் இரண்டு முறை வாந்தி.]

முடிவு ஆ: அது உண்மையிலேயே சத்துத் தண்ணீர்தான். [மறுநாள் நானே போய்ப் பலகையைப் பார்த்தேன். அந்தப் பெயரை இங்கே எழுதக் கை வரவில்லை.]

முடிவு இ: ஸ்கேன் திரையில் மருத்துவர் பிள்ளையின் நெஞ்சுத் துடிப்பைத் தேடுகிறார், தேடிக்கொண்டே

[நிறுத்திவிட்டேன். எனக்குப் பயமாக இருக்கிறது. எழுதினால் நடந்துவிடுமோ என்று பயப்படுகிறவள் கதை எழுத வந்திருக்கவே கூடாது.]

5

இதை மேசையில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். அன்று சாயங்காலமே மருத்துவர் அவளைப் பார்த்தார். பிள்ளையைப் பற்றி ஸ்கேன் பார்க்காமல் ஒன்றும் சொல்ல முடியாது என்றார். அந்த ஸ்கேன் இன்றைக்கு. யூஃபேமியா எதிர் நாற்காலியில் இருக்கிறாள்.

"வீட்டுக்காரர் திட்டித் தீத்துட்டாருக்கா, ஏன் அப்பவே கழுவலன்னு. அக்காகிட்ட கேட்டுட்டுத்தான் செஞ்சேன், அவங்களே சரின்னாங்கன்னு சொன்னேன். அப்பறம்தான் மனுஷன் சாப்பிடவே உக்காந்தாரு. அந்த ஒரு வார்த்தையிலதான் நானும் தூங்கறேன். நீங்களும் உள்ள வாங்க. டாக்டர் இங்கிலீஷ்ல சொல்றத எனக்கு யார் சொல்லுவா?"

உள்ளே அவள் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள். எழுந்து வந்து என் இடது கையைப் பிடித்துக்கொண்டாள். வலது கையால் இதைத் தட்டச்சு செய்கிறேன்.

[வாசகருக்கு: திரையில் என்ன தெரியும் என்பதை உங்களிடமே விடுகிறேன், ஊகிக்கக்கூட எனக்குத் துணிவில்லை. ஒன்று மட்டும் சொல்லுங்கள். அந்த அறைக்குள் போவதற்கு முன்னால், நான் சொன்ன 'சரி' தப்பு என்று அவளிடம் சொல்லிவிடவா, இல்லை